நிற்க வைத்துப் பேசாதவர்

அவருடைய வீட்டுக்கு முதன்முறையாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் குழம்புவார்கள். கதவைத் திறந்ததும் "இருங்க" என்பார். வந்தவர் வாசலிலேயே நிற்பார். "இருங்கன்னு சொன்னேம்லா" என்பார் மறுபடி. குரல் சற்று ஏறியிருக்கும். வந்தவர் பயந்துபோய் இன்னும் விறைப்பாக நிற்பார். திருநெல்வேலிப் பக்கத்தில் 'இருங்க' என்றால் உட்காருங்கள் என்று பொருள். சென்னைக்காரர்கள் அதைக் காத்திருக்கச் சொல்வதாக எடுத்துக்கொள்வார்கள். தி.நகருக்கு வந்து எத்தனையோ வருடங்கள் ஆகியும் அவர் அந்தச் சொல்லை மாற்றிக்கொள்ளவில்லை. கடைசியில் நாற்காலியை இழுத்துப் போட்டு, "இதுல உக்காருங்க" என்று அதட்டினால்தான் விஷயம் விளங்கும்.

விளங்கிய பிறகும் தயங்குவார்கள். கேஸ் சிலிண்டரைத் தோளில் சுமந்து வந்தவர், குழாய் சரிசெய்ய வந்தவர், பார்சல் கொண்டுவந்த பெண், தண்ணீர் கேன் போடுகிறவர் என்று யாராக இருந்தாலும் சரி.

"பேன்ட்டெல்லாம் கறைம்மா. சோபா அழுக்காயிடும்."

"அழுக்கானா தொவைச்சுக்கிடலாம். உக்காருங்க."

"டைம் இல்லம்மா, இன்னும் நெறைய டெலிவரி கீது."

"கையெழுத்துப் போட எனக்கு ஒரு நிமிசம் ஆவும். அந்த ஒரு நிமிசம் உக்காருங்க."

அவர்கள் உட்காரும்வரை அவரும் உட்கார மாட்டார். அவருடைய சட்டம் அவ்வளவுதான். ஒருவர் நிற்க, இன்னொருவர் உட்கார்ந்துகொண்டு பேசுவது அவர் வீட்டில் நடக்காது. வெளியிலும் தம்மால் முடிந்தவரை நடக்க விட மாட்டார்.

பனகல் பூங்காவுக்குப் பின்புறம் ஒரு தெருவில், மூன்று மாடிக் குடியிருப்பு ஒன்றில் நான் ஆறேழு வருடம் குடியிருந்தேன். அவர் எனக்கு எதிர் வீடு. என் அம்மா வயது. ஆனால் முதல் நாளே "அக்கான்னு கூப்பிடு, போதும்" என்று சொல்லிவிட்டார். கணவர் பாத்திரக்கடை வைத்திருந்தவர். நான் குடிவருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். ஒரே மகன் கனடாவில்.

அக்காவை எல்லோரும் அன்பானவர் என்று நினைத்துக்கொள்வார்கள். இல்லை. அன்பைப் பொறுத்தவரை அவர் சிக்கனக்காரர். யாருடைய குடும்பக் கதையையும் விசாரிக்க மாட்டார். கன்னத்தைத் தட்டிக் கொடுப்பது, 'சாப்பிட்டியா கண்ணு' என்பது எதுவும் கிடையாது. வேலை சரியில்லையென்றால் கத்துவார். ஒருமுறை அவர் வீட்டுக் குளியலறையில் குழாயை மாற்றிய மறுநாளே ஒழுக ஆரம்பித்துவிட்டது. கூப்பிட்டனுப்பியதும் அந்தக் குழாய்க்காரர் கோபமாகத்தான் வந்தார். வாசலில் நின்றபடியே, நீங்கள் வாங்கித் தந்த குழாய்தான் மட்டம் என்று ஆரம்பித்தார்.

"முதல்ல உக்காருங்க. உக்காந்துக்கிட்டுச் சண்டை போடுங்க" என்றார் அக்கா.

இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து அரைமணி நேரம் சண்டை போட்டார்கள். என் வீட்டுக் கதவு வழியாக ஒவ்வொரு சொல்லும் கேட்டது. குழாய்க்காரர் தோற்றுப்போய் வேறு குழாய் மாட்டிவிட்டுப் போனார். அதன் பிறகு எங்கள் கட்டடத்தில் யார் கூப்பிட்டாலும் நாளைக் கடத்துகிற அந்த மனிதர், அக்கா கூப்பிட்டால் மட்டும் அன்றைக்கே வந்துவிடுவார்.

தங்கை மகளின் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க ஒருமுறை என்னைத் துணைக்கு அழைத்துப்போனார். உஸ்மான் சாலைப் பக்கம் ஒரு பெரிய ஜவுளிக்கடை. அங்கே பட்டுப் பிரிவில் வாடிக்கையாளர்களுக்கு மட்டும் மெத்தை வைத்த ஸ்டூல்கள். கவுன்டருக்குப் பின்னால் சீருடை அணிந்த பெண்கள் வரிசையாக நின்றார்கள். எங்களுக்குப் புடவை காட்ட வந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு எடையை மாற்றி மாற்றி நின்றபடி, புன்னகை மாறாமல், "என்ன கலர்ல பாக்கறீங்கம்மா?" என்றாள்.

அக்கா உட்காரவில்லை. "ஒனக்கு ஸ்டூல் எங்க?" என்றார்.

"எங்களுக்கு இல்லம்மா."

"சட்டமே வந்திருக்கே, கடையில நிக்கவங்களுக்கு உக்கார எடம் கொடுக்கணும்னு?"

அந்தப் பெண் பக்கவாட்டில் பார்த்தாள். மேற்பார்வையாளர் வந்துவிட்டார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் வாக்கிடாக்கி. "என்னம்மா பிரச்சினை?" என்றார். "இந்தப் பிள்ளை உக்காந்தா நான் புடவை பாக்கேன்" என்றார் அக்கா. அவர் சிரித்தார். பிறகு, பிஸியான நேரத்தில் உட்கார்ந்தால் வேலை நடக்காது என்றும், அவர்களுக்குத் தனியாக இடைவேளை உண்டு என்றும் பொறுமையாக விளக்கினார். அக்காவும் விடவில்லை. அக்கம்பக்கத்தில் புடவை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

மேற்பார்வையாளர் கொஞ்சம் நகர்ந்ததும் அந்தப் பெண் கவுன்டரில் குனிந்து, "அம்மா, ப்ளீஸ். நீங்க போயிடுவீங்க. அப்புறம் எனக்குத்தான் டோஸ் விழும்" என்றாள். கண் கலங்கியிருந்தது.

அக்கா அவளையே பார்த்தார். "சரிம்மா. ஒன்ன மாட்டிவிட மாட்டேன். நீ நின்னே காட்டு" என்றார். பிறகு தனக்கென்று போட்டிருந்த ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டார். "நானும் நின்னே பாக்கேன்."

அவருக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துபோயிருந்தன. அதிக நேரம் நிற்கக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆனால் அன்று ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நின்றார். அவளுக்கு வேலை குறையட்டும் என்று ஒவ்வொரு புடவையையும் முழுதாக விரிக்கச் சொல்லாமல், முந்தானையை மட்டும் பார்த்தார். மேற்பார்வையாளர் இரண்டு தடவை வந்து, "அம்மா, நீங்களாவது உக்காருங்க" என்று ஸ்டூலை நகர்த்தி வைத்தார். இவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. புடவை எடுத்துவிட்டு ஆட்டோவில் ஏறும்போது அவரால் காலை மடக்கவே முடியவில்லை. நான்தான் தூக்கிவிட்டேன்.

"எதுக்குக்கா இதெல்லாம்? அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகலையே" என்றேன்.

"ஆவலதான். ஆனா ஒருத்தி நிக்கையில நான் உக்காந்து பட்டுச்சேலை எடுத்தேங்கிறது இல்லாமப் போச்சுல்லா."

அவருடைய இந்தப் பிடிவாதத்துக்குக் கட்டடத்தில் பல காரணங்கள் உலவின. கல்யாணமாகி வந்த புதிதில் மாமனார் அவரைக் கடையில் நாளெல்லாம் நிற்க வைத்தாராம் என்று ஒரு கதை. அவருடைய அப்பா யார் வீட்டு வாசலிலோ நின்று அவமானப்பட்டாராம் என்று இன்னொன்று. நானே ஒருநாள் கேட்டுவிட்டேன். அக்கா முறைத்தார். "ஏம்மா, ஒரு மனுசர உக்காரச் சொல்லதுக்குக்கூடவா எனக்கு ஏதாச்சும் ஆயிருக்கணும்?" என்றார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

எங்கள் கட்டடத்துக்குப் பகல் நேரக் காவலாளி தேவராஜ். சிந்தாதிரிப்பேட்டைக்காரர், ஐம்பது வயதைத் தாண்டியவர். எல்லோரையும் ஒருமையில்தான் கூப்பிடுவார். அக்காவையும் "இன்னாமா, கடைக்கா போற?" என்றுதான் கேட்பார். அக்கா அவரை ஒருநாளும் 'நீ' என்று சொன்னதில்லை.

ஒரு மத்தியானம் தேவராஜ் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து எவனோ உள்ளே வந்து, முதல் மாடியில் இருந்தவர்களின் புதுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். மறுநாள் காலை கேட் அருகே நாற்காலி இல்லை. பணி நேரத்தில் காவலாளி உட்காரக் கூடாது என்று லிஃப்டுக்குள் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது.

ஒட்டியவர் எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர். ஓய்வுபெற்ற பொறியாளர். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கட்டடத்துக்குள் வெள்ளம் வந்த வருடம் தரைத்தளத்தில் இருந்த படுத்த படுக்கையான பாட்டியை முதுகில் சுமந்து மாடியேற்றியவர் அவர்தான். தண்ணீர் லாரிக்காக விடியற்காலையில் எழுந்து போன் செய்பவரும் அவர்தான். விதி என்று ஒன்று போட்டுவிட்டால் மட்டும், போட்டவரே நினைத்தாலும் எடுக்க முடியாது என்று நம்புகிறவர்.

அறிவிப்பைப் படித்த அக்கா லிஃப்டிலிருந்து இறங்கவேயில்லை. அப்படியே மேலே திரும்பிப் போய், தன்னுடைய சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து கேட் அருகே போட்டார். "இருங்க" என்றார் தேவராஜிடம். அவருக்கு அந்தச் சொல் பழக்கமாகியிருந்தது. உட்கார்ந்தார்.

சாயங்காலம் நாற்காலி அக்கா வீட்டு வாசலுக்குத் திரும்பி வந்திருந்தது. காலையில் அக்கா மறுபடி இறக்கினார். சாயங்காலம் மறுபடி ஏறி வந்தது. சில நாட்கள் இப்படியே போனபின் செயலாளர் நேரில் வந்தார்.

"இருங்க" என்று அவருக்கும் நாற்காலி போட்டார் அக்கா. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். எதிரில் உட்கார்ந்தார்.

"உங்க நல்ல மனசு எனக்குப் புரியுதும்மா. ஆனா சைக்கிள் போனது நிஜம்தானே?"

"நிஜம். தூங்குனது தப்பு. தூங்குனதுக்கு ஏசுங்க. உக்காந்ததுக்கு எதுக்குத் தண்டனை?"

"உக்காந்தாதானேம்மா தூக்கம் வருது?"

"நீங்க ஆபீசுல இத்தனை வருசம் உக்காந்துதான வேலை பாத்தீங்க? தூங்கியா போனீங்க?"

செயலாளர் சிரித்துவிட்டார். காபி குடித்துவிட்டுத்தான் போனார். ஆனால் மறுநாள் காவலாளிகளை அனுப்பும் நிறுவனத்துக்குப் போன் செய்துவிட்டார்.

அன்று பிற்பகல் அக்கா வீட்டு அழைப்புமணி அடித்தது. நானும் அங்கேதான் இருந்தேன். வாசலில் தேவராஜ்.

"இருங்க."

"நான் நிக்கிறேம்மா."

அக்கா நாற்காலியை இழுத்தார். "வோணாம்னு சொல்றேன்ல" என்று தேவராஜ் சத்தம் போட்டார். "நீ நாற்காலி போடற. நான் குந்திக்கிறேன். அவுரு கம்பேனிக்குப் போன் போடறாரு. இன்னொரு தபா உக்காந்தா வூட்டுக்குப் போயிடுன்றான் சூப்பர்வைசரு. உனக்கு இன்னா? மேல வந்து கதவ சாத்திக்குவ. ஆப்பு எனக்குத்தானே?"

அந்த வீட்டில் ஒருவர் பிடிவாதமாக நின்றதை அன்றுதான் பார்த்தேன். அக்காவும் நின்றார். 

"நீங்க சொல்லது சரிதான்" என்றார் பிறகு. "இனி நாற்காலி வராது."

பிரச்சினை முடிந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். மறுநாள் காலை ஜன்னல் வழியாகப் பார்த்தால், அக்கா கேட் அருகே தேவராஜுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கையில் எதுவும் இல்லை. நான் இறங்கி ஓடினேன்.

"நாற்காலியாலதான அவருக்குப் பாடு? நான் நின்னா அவரு வேலைக்கு என்ன வந்துது? சொந்த வீட்டுக்காரி கேட்டுப்பக்கம் நிக்கக் கூடாதுன்னு எங்கயும் ஒட்டலையே" என்றார்.

அப்படியே மதியம்வரை நின்றார். சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி நின்றார். மறுநாளும் வந்தார். வெளியே போகிறவர்களுக்கும் உள்ளே வருகிறவர்களுக்கும் ஒரு வணக்கம். வேறெதுவும் பேச மாட்டார். அந்த வணக்கத்தைத்தான் யாராலும் தாங்க முடியவில்லை. சிலர் பின்பக்கக் கேட்டைத் திறந்துகொண்டு போக ஆரம்பித்தார்கள். கார் கண்ணாடியை ஏற்றிவிட்டு, போன் பேசுவதுபோலக் கடந்துபோனவர்களும் உண்டு. இரண்டாவது மாடிப் பெண் ஒருத்தி, "விளம்பரம்" என்று என் காதுபடவே சொன்னாள். யாரோ புகைப்படம் எடுத்துக் கட்டட வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட, அது கனடாவரை போயிற்று. மகன் போன் செய்தான். அக்கா ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிறவர் என்பதால் தேவராஜுக்கும் கேட்டது.

"அம்மா, வாட்ச்மேன் மாதிரி கேட்ல போய் நிக்கிறியா? என்னம்மா அசிங்கம் இது?"

"நான் நிக்கது அசிங்கம். அவரு நிக்கது அசிங்கமில்லையாக்கும்?" என்று போனை வைத்துவிட்டார்.

நானும் இடையிடையே இறங்கிப்போய் நிற்பேன். "ஒனக்கு வேலை கெடக்கு, போ" என்று விரட்டிவிடுவார். அவர் முழங்கால்கள் வீங்கி, லிஃப்டுக்கு முன்னால் இருக்கும் நாலு படியை ஏறும்போதுகூடச் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. தேவராஜ் அவரிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நிற்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கார் நிறுத்தும் இடத்தில் சங்கக் கூட்டம். ஜெனரேட்டர் அறையிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொண்டுவந்து வரிசையாகப் போட்டவர் தேவராஜ். போட்டு முடித்துவிட்டுத் தூணோரம் போய் நின்றுகொண்டார். எல்லோரும் உட்கார்ந்தோம். அக்கா மட்டும் உட்காரவில்லை.

"உக்காருங்கம்மா" என்றார் செயலாளர்.

"பரவால்ல. நீங்க பேசுங்க."

வரவு செலவு படிக்க ஆரம்பித்தார்கள். யாருக்கும் காதில் ஏறவில்லை. அக்காவின் வீங்கிய கால்களையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையிலிருந்து ஒருவர், "மாமி, உக்காருங்களேன்" என்றார். இன்னொருவர் நாற்காலியை இழுத்துவந்து அவர் பின்னால் வைத்தார். "உடம்பு என்னத்துக்காகும்? உக்காருங்க" என்று நாலாபக்கமிருந்தும் குரல். செயலாளர் தாளை மடக்கிவிட்டார். "நீங்க நிக்கும்போது நாங்க எப்படிம்மா உக்காந்து பேசறது? ஒரு மாதிரியா இருக்கு."

"இருக்குல்லா?" என்றார் அக்கா. "ஒருத்தர் நிக்கையில நாம உக்காந்து பேசினா ஒரு மாதிரியா இருக்குல்லா? எனக்கு தெனமும் அப்படித்தான் இருக்கு. கேட்டத் தாண்டும்போதெல்லாம் இருக்கு. நான் வேற ஒண்ணும் கேக்கல."

செயலாளர் தூண் பக்கம் திரும்பினார். அவர் குரலில் கோபம் இருந்ததா, தப்பிக்க வழி கிடைத்த நிம்மதி இருந்ததா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. "தேவராஜ், நீயே சொல்லு. உனக்கு நாற்காலி வேணுமா?"

அத்தனை தலைகளும் திரும்பின. தேவராஜ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணியும் வோணாம் சார். நின்னுக்கினே பழகிட்சு."

செயலாளர் கைகளை விரித்தார், பார்த்தீர்களா என்பதுபோல. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எனக்கு அக்காவின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. ஆனால் அவர் குரல் அப்படியேதான் இருந்தது.

"வேண்டாம்னு சொல்லது அவரு இஷ்டம். நிக்கது என் இஷ்டம். நீங்க அடுத்ததப் படிங்க."

கடைசிவரை நின்றார். விதி அப்படியே இருக்கும் என்று முடிவாயிற்று. இன்றுவரை அதை யாரும் ரத்து செய்யவில்லை. நான் அடையாறுக்கு வீடு மாறியபோதுகூட லிஃப்டில் அந்த அறிவிப்பு ஓரம் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. தேவராஜின் வேலையும் போகவில்லை. அதன் பிறகு நிறுவனத்துக்கு யாரும் போன் செய்யவில்லை. ஏன் செய்யவில்லை என்று செயலாளரிடம் நான் கேட்டதும் இல்லை. ஆனால் இதெல்லாம் அந்தத் திங்கட்கிழமை காலையில் எங்களில் யாருக்கும் தெரியாது.

அன்று காலை அக்கா வழக்கம்போல இறங்கிப் போனார். லிஃப்டை விட்டு வந்து அந்த நாலு படியையும் கைப்பிடியைப் பற்றி ஒவ்வொன்றாக இறங்கியதால் நானும் கூடவே போனேன். அவரைப் பார்த்ததும் தேவராஜுக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது.

"அதான் நேத்தே எல்லார் முன்னாடியும் வோணாம்னுட்டேன்ல? இன்னும் இன்னாத்துக்கு வந்து நிக்கிற?"

"நீங்க பயந்துல்லா சொன்னீங்க" என்றார் அக்கா. "தப்பில்ல. நானா இருந்தாலும் பயந்திருப்பேன்."

சொல்லிவிட்டுத் தன் வழக்கமான இடத்தில் நின்றார். நின்ற வேகத்தில் ஒரு கால் மடங்கியது. கேட்டைப் பிடித்துச் சமாளித்துக்கொண்டார். வலியில் உதட்டைக் கடித்தது எனக்குத் தெரிந்தது. தேவராஜுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவர் கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று ஜெனரேட்டர் அறைக்குப் போய், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தூக்கிவந்தார். பக்கத்தில் பக்கத்தில் போட்டார்.

"நான் உக்காந்தாத்தான் நீ உக்காருவ. அவ்ளோதானே?" என்று கேட்டுவிட்டு, ஒன்றில் போய் உட்கார்ந்தார். "உக்காந்துட்டேன். போ, உக்காருமா. உன் முட்டியப் பாக்க சகிக்கல. வேல போனா போவட்டும். வேற கேட்டு இல்லியா ஊர்ல?"

அக்கா அவரை ஒருமுறை பார்த்தார். பிறகு மெதுவாக, நாற்காலியின் கையை அழுத்திப் பிடித்து, உட்கார்ந்தார்.

சரியாக அப்போதுதான் செயலாளரின் கார் உள்ளிருந்து வந்தது. இருவரையும் பார்த்து நின்றது. கண்ணாடி இறங்கியது. அவர் எதையோ சொல்ல வாயெடுத்தார். அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே கைகூப்பி வணக்கம் சொன்னார்.

செயலாளர் ஹாரனை ஒருமுறை அடித்தார், கேட்டைத் திறக்க. தேவராஜ் எழுந்தார். கேட்டை அகலத் திறந்தார். கார் வெளியே போய்த் தெருவில் நின்றது. ஆட்டோ ஒன்று குறுக்கே வர, அது கடக்கட்டும் என்று காத்திருந்தது. தேவராஜ் கேட்டைச் சாத்தித் தாழிட்டார். கார் இன்னும் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தது, அதன் பக்கக் கண்ணாடியில் செயலாளரின் முகம் இந்தப் பக்கம் பார்த்தபடி.

தேவராஜ் திரும்பி நடந்துவந்தார். நாற்காலியை ஒரு சாண் முன்னால், தெருவிலிருந்து நன்றாகத் தெரிகிற இடத்துக்கு இழுத்துப் போட்டு, உட்கார்ந்தார்.